சபையே இல்லாத இடத்தில் சபைக் கூச்சம்

கேள்வி:

வணக்கம் ஐயா. எனக்கு 41 வயது. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரவு படுக்கப் போகும் முன் ஒரு மணி நேரமாவது இணையத்தில் பலரும் எழுதுவதைப் படிப்பேன். சில பதிவுகளைப் படித்ததும் ஏதாவது சொல்லவேண்டும் என்று கை பரபரக்கும். தட்டச்சு செய்வேன், திரும்பப் படிப்பேன், அழித்துவிடுவேன். ஆறு ஆண்டுகளில் முன்பின் தெரியாத ஒருவருடைய பதிவுக்குக்கூட நான் பின்னூட்டம் இட்டதில்லை.

சென்ற ஆண்டு ஒரு பெண்மணி, மறதிநோய் வந்த தன் அம்மாவைப் பார்த்துக்கொள்வது பற்றித் தொடர்ந்து எழுதிவந்தார். என் அம்மாவும் அந்த நோயோடு நான்கு ஆண்டுகள் இருந்துதான் போனார். மாலையானால் அம்மா வீட்டுக்குப் போகவேண்டும் என்று கிளம்பிவிடுகிறார், இருப்பதே வீட்டில்தான் என்று எப்படித்தான் புரியவைப்பது என்று ஒரு நாள் அவர் எழுதியிருந்தார். எனக்கு அதற்கு ஒரு வழி தெரியும். பதினொரு வரி எழுதினேன். அதிகப்பிரசங்கி என்று நினைப்பார்களோ என்று நான்காகக் குறைத்தேன். பிறகு ‘அருமை’ என்று ஒரே சொல். ஒருவர் படும் பாட்டைப் போய் அருமை என்பதா என்று அதையும் அழித்தேன். கடைசியில் கட்டைவிரல் குறியை அழுத்தினேன். ஐந்து நிமிடத்தில் அதையும் திரும்ப எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து, யாரும் படிப்பதாகத் தெரியவில்லை, நிறுத்திக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டு அவர் போய்விட்டார். எட்டு மாதம் ஆகிறது. அந்தப் பதினொரு வரிகளும் என் கைப்பேசியில் அப்படியே கிடக்கின்றன. உங்கள் பார்வைக்கு இதனுடன் அனுப்பியிருக்கிறேன்.

அலுவலகக் கூட்டங்களிலும் நான் அதிகம் பேசமாட்டேன். ஆனால் கேட்டால் சொல்லிவிடுவேன். இணையத்தில் என்னை யார் கேட்கப்போகிறார்கள்? இந்தக் கூச்சத்தைப் போக்க முயற்ச்சி செய்து அலுத்துவிட்டது. உங்களுக்கு இது சிரிப்பாகத் தோன்றலாம். என்ன செய்யட்டும்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி. கடிதம் சுருக்கப்பட்டிருக்கிறது.)

பதில்:

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு வரி நான்காகி, நான்கு ஒரு சொல்லாகி, அந்தச் சொல் கட்டைவிரலாகி, கட்டைவிரலும் காணாமல் போன அந்த இரவை நீங்கள் சொல்லியிருப்பதைப் படித்தபோது, எழுதத் தெரியாதவர் என்று உங்களை யாரும் ஏமாற்ற முடியாது என்றுதான் தோன்றியது. நீங்களேகூட.

ஒன்று கேட்கிறேன். எனக்கு எழுதிய கடிதத்தை எத்தனை முறை அழித்தீர்கள்? சுருக்குவதற்கு முன் அது நான்கு பக்கம் இருந்தது. நானும் உங்களுக்கு முன்பின் தெரியாதவன்தான். பலர் படிக்கும் பகுதியில் இது வெளியாகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அப்படியும் அனுப்பிவிட்டீர்கள். ‘முயற்சி’யில் ஒரு ‘ச்’ கூடுதலாக விழுந்திருக்கிறது. திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதல் முறை படித்தபோது அது என் கண்ணில் படவே இல்லை. உங்கள் அம்மாவைப் பற்றிய பகுதியில் இருந்தேன்.

எனக்கு எழுதும்போது அந்தக் கை ஏன் நடுங்கவில்லை? எதிரில் ஒரே ஒரு ஆள், கேட்பதற்கு உங்களிடம் ஒரு கேள்வி. இவ்வளவுதான் இருந்தன. பின்னூட்டப் பெட்டியைத் திறந்ததும் அந்த ஒரு ஆள் மறைந்து, அங்கே ஒரு கூட்டம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. நான் சொல்லப்போவது எல்லாமே அந்தக் கூட்டத்தைக் கலைப்பது பற்றித்தான்.

சபைக் கூச்சம் என்று நம் மொழியில் ஒரு நல்ல சொல் உண்டு. உண்மையான சபையில் நின்று பேசுபவருக்கு ஒரு வசதி இருக்கிறது, முகங்கள் தெரியும். முன்வரிசையில் ஒருவர் தலையாட்டுவார், ஒருவர் கொட்டாவி விடுவார், ஒருவர் தன் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருப்பார். நம்மைக் கவனிப்பதே உலகத்துக்கு வேலை அல்ல என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும், பயம் கொஞ்சம் இறங்கும். இணையத்தில் அந்த வசதி கிடையாது. இருட்டான அரங்கம். நாற்காலிகளை நாமேதான் நிரப்பவேண்டும். கூச்சமுள்ளவர் நிரப்பினால், பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள், ஒருவரும் தலையாட்டுவதில்லை.

ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: உங்கள் முன்வரிசையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? முதலில் ‘எல்லாரும்’ என்பார்கள். பெயர் சொல்லுங்கள் என்றால் மூன்றுக்கு மேல் தேறாது. தப்பான விடையை வகுப்பு முழுவதற்கும் படித்துக்காட்டிச் சிரித்த ஆசிரியர். எதைச் சொன்னாலும் ‘உனக்கென்ன தெரியும்’ என்று ஆரம்பிக்கும் அண்ணன். நன்றாக எழுதத் தெரிந்த, யாரையும் பாராட்டத் தெரியாத ஒரு சக ஊழியர். நீங்களும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிறகு, இவர்களில் எத்தனை பேர் அந்தப் பெண்மணியின் பதிவுகளைப் படித்திருப்பார்கள் என்று யோசியுங்கள். அவர்கள் யாரும் இல்லாத இடத்தில் அவர்களுக்குப் பயந்து அழித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நம்மைப் பிறர் எவ்வளவு கவனிக்கிறார்கள் என்பதை நாம் கூட்டியே மதிப்பிடுகிறோம். இதை அழகாக எடுத்துக்காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் செய்து 2000இல் வெளியிட்டது. ஒரு மாணவருக்கு பாரி மனிலோ என்ற பாடகரின் முகம் பெரிதாக அச்சிட்ட பனியனைப் போட்டுவிடுவார்கள். அந்த வயதுப் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு வெளியே வர வெட்கப்படுவார்கள் என்பதால்தான் அந்தத் தேர்வு. அப்படியே மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பிவிட்டு, பனியனில் யார் என்று எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் என்றார்கள் அணிந்தவர்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிக்கும் சற்றுக் குறைவு. அதுவும் அறைக்குள் எல்லார் கண்முன்னும் நுழைந்த ஆளுக்கு. பத்துப் பதினைந்து பின்னூட்டங்களுக்கு நடுவே கிடக்கும் உங்கள் நான்கு வரிகளை எத்தனை பேர் நின்று எடைபோடப்போகிறார்கள்? வேண்டுமானால் நேற்றிரவு நீங்கள் படித்த பின்னூட்டங்களில், மட்டம் என்று நினைத்த ஒன்றை எழுதியவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். வராது.

இனி அந்த இரவுக்கு வருகிறேன், ஏனென்றால் முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது. பதினொன்றை நான்காகக் குறைத்தபோது உங்கள் மனம் சொன்னது: நீளமாக இருந்தால் அதிகப்பிரசங்கி என்பார்கள், குறைத்தால் பிழைத்தோம். நான்கை ஒன்றாக்கியபோதும் அதேதான். அருமையை அழித்தபோதும், விரலை எடுத்தபோதும் அதேதான். ஒவ்வொரு வெட்டும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் சமூக அச்சம் எப்படி ஆண்டுக்கணக்கில் ஆறாமல் நிற்கிறது என்று 1995இல் விளக்கியபோது, இத்தகைய ஏற்பாடுகளுக்கு முக்கியமான இடம் கொடுத்தார்கள். ஆபத்து வந்துவிடாமல் இருக்க நாம் செய்யும் சின்னச் சின்னத் தந்திரங்களே பயத்தைச் சாகவிடாமல் காப்பாற்றுகின்றன. கூட்டத்தில் கை நடுங்குவது தெரியக்கூடாதென்று தம்ளரை இறுகப் பிடிப்பவருக்கு, பிடிக்காவிட்டாலும் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள் என்பது கடைசிவரை தெரியாது. பிடித்ததால் தப்பித்தேன் என்றே நினைப்பார்.

உங்களுக்கு அழிப்பு விசை அந்தத் தம்ளர். அதை அழுத்தியதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கும், இல்லையா? அந்த நிம்மதிதான் வில்லன். நிம்மதி தருவதை விரல் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஆறு ஆண்டுகள், வாரத்துக்கு இரண்டு முறை என்று வைத்தாலும் அறுநூறு தடவைக்கு மேல் ஒத்திகை பார்த்திருக்கிறீர்கள். முயற்சி செய்து அலுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் நீங்கள் அலுத்திருப்பது அழிக்கும் முயற்சியில். அனுப்பும் முயற்சி இன்னும் ஒரு தடவைகூட நடக்கவில்லை.

பதிவை எழுதியவர் பக்கம் போய்ச் சற்று உட்காருவோம். நன்றி சொல்லிக் கடிதம் எழுதுபவர்களையும் அதைப் பெறுபவர்களையும் வைத்து அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இருவர் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. எழுதியவர்கள், பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று கூட்டி மதிப்பிட்டிருந்தார்கள். மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். சரியான சொல் கிடைத்ததா, வாக்கியம் நன்றாக வந்ததா என்பது எழுதியவரின் கவலை. பெற்றவர்களோ அதில் இருந்த அன்பைத்தான் பார்த்தார்கள். எழுதியவர் ஒரு தராசிலும் பெற்றவர் வேறொரு தராசிலும் நிறுத்திருக்கிறார்கள்.

என் அனுபவமும் அதுதான். பல ஆண்டுகளுக்கு முன், வயதானவர்களின் தூக்கமின்மை பற்றி நான் எழுதிய கட்டுரைக்குப் பாராட்டுகள் நிறையவே வந்தன. ஒன்றும் நினைவில் இல்லை. நினைவில் இருப்பது யாரோ ஒருவர் எழுதிய மூன்று வாக்கியங்கள்: “அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது பத்தியை மட்டும் மறுபடி படி என்றார்.” அதில் நடை இல்லை, கருத்துகூட இல்லை. நான் எழுதியது ஒரு வீட்டுக்குள் போய் ஒரு கட்டிலருகே நின்றிருக்கிறது என்ற செய்தி இருந்தது. எழுதுபவர்கள் ஏங்குவது இந்தச் செய்திக்குத்தான். நாமும் எதையாவது வெளியிட்டுவிட்டு நாலு தடவை எடுத்துப் பார்க்கிறவர்கள்தானே.

ஆகவே என்ன எழுதுவது என்று குழம்பாதீர்கள். பதிவில் உங்களை நிறுத்திய இடம் எது, நின்றபோது என்ன நினைத்தீர்கள், இந்த இரண்டும் போதும். ‘அருமை’, ‘சிறப்பு’ போன்றவை தவறல்ல, ஆனால் அவற்றை எழுதத்தான் கூச்சம் அதிகம் வரும். சொல்வதற்குள் ஒன்றும் இல்லாததால், சொல்லுகிற ஆள் துருத்திக்கொண்டு தெரிவார். “மூன்றாவது பத்தியில் உங்கள் அம்மா கதவைத் தட்டும் இடத்தில் நின்றுவிட்டேன், எங்கள் வீட்டிலும் இதே கதவு” என்று எழுதினால் வாசிப்பவர் கண் கதவின்மேல் போகும், உங்கள்மேல் வராது. கூச்சமுள்ளவர் ஒளிந்துகொள்ளக் குறிப்பான ஒரு விஷயத்தைவிட நல்ல இடம் இல்லை.

தொடங்கும்போது கூட்டமான இடத்துக்குப் போகாதீர்கள். நானூறு பின்னூட்டம் விழுந்த பிரபலத்தின் பதிவு பயிற்சிக்கு உதவாது. இரண்டு மூன்று பேர் மட்டுமே பேசியிருக்கும், அல்லது யாருமே பேசாத பதிவாகப் பார்த்து எடுங்கள். அங்கே உங்கள் குரலுக்கு மதிப்பும் அதிகம், மன்னிப்பும் அதிகம். பெட்டியைத் திறக்கும் முன் ஒரு சிறு நோட்டில் இரண்டு குறிப்பு எழுதுங்கள். ஒன்று, என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள். ‘மோசமாக நினைப்பார்கள்’ என்று மொட்டையாக வேண்டாம். யார், என்ன செய்வார் என்று எழுதுங்கள்: ‘யாராவது இலக்கணப் பிழையைச் சுட்டிக்காட்டுவார்’, ‘எழுதியவர் பதிலே போடமாட்டார்’ என்பதுபோல. இரண்டு, அது நடக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு. பிறகு பத்து நிமிடம். எழுதுங்கள், ஒரு முறை படியுங்கள், அனுப்புங்கள். இரண்டாம் முறை படிப்பதற்கு அனுமதி இல்லை. பயம் போனபிறகு அனுப்பலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். பயம் இருக்கும்போதே அனுப்புவதுதான் பயிற்சி. அது போன பிறகு அனுப்பினால் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

அனுப்பியதும் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுத்துவிடுங்கள். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அனுப்பும் கூச்சத்தைத் தாண்டியவர்களில் பலர் இந்த இரண்டாவது பள்ளத்தில் விழுகிறார்கள். பதில் வந்ததா, விருப்பக்குறி விழுந்ததா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்ப்பார்கள். தாங்கள் எழுதியதையே தப்பு கண்டுபிடிக்கும் கண்ணோடு பத்து முறை படிப்பார்கள். பத்தாவது முறை எந்த வாக்கியமும் அசடாகத்தான் தெரியும். மறுநாள் மாலை நோட்டை எடுத்து, பயந்தது நடந்ததா, நடந்தால் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். இருபது பதிவுகளுக்குப் பிறகு மதிப்பீட்டையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் பற்று, எந்தப் பக்கம் வரவு என்று நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

இந்தத் துறையில் ஒரு பழைய கதை உண்டு. சிந்தனையைத் திருத்தி உணர்ச்சியைச் சீராக்கும் சிகிச்சை முறைக்கு வழிகோலியவர்களில் ஒருவரான ஆல்பர்ட் எல்லிஸ், இளம் வயதில் பெண்களிடம் பேச அநியாயத்துக்குக் கூச்சப்படுவார். 19 வயதில் தனக்குத்தானே வீட்டுப்பாடம் கொடுத்துக்கொண்டார்: நியூயார்க்கிலுள்ள ஒரு தாவரவியல் பூங்காவில், ஒரு மாதத்துக்குத் தினமும் போய், பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுப்பது. 130 பேரிடம் முயன்றதாகவும், 30 பேர் உடனே எழுந்து போய்விட்டதாகவும், மீதி 100 பேரிடம் பேசியதாகவும், ஒரே ஒருவர் மறுபடி சந்திக்க ஒப்புக்கொண்டு அவரும் வராமல் இருந்துவிட்டதாகவும் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கணக்குப்படி படுதோல்வி. ஆனால் கூச்சம் போய்விட்டது. (இன்று ஒருவர் இதைச் செய்யப் புறப்பட்டால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பக்கமிருந்தும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டியிருக்கும். அவர் காலம் வேறு.) நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, பலன் கிடைத்ததால் அவர் பயம் தெளியவில்லை என்பதை. பலன் கிடைக்காதபோதும் வானம் இடிந்து விழவில்லை என்று கண்டதால் தெளிந்தது. உங்கள் பின்னூட்டத்துக்குப் பதில் வராமல் போகும் நாட்களும் பயிற்சிக் கணக்கில்தான் சேரும்.

பிழைக்கு வருகிறேன். தமிழில் எழுதுபவர்களுக்கு இந்தப் பயம் ஒரு பங்கு அதிகம். இங்கே ‘க்’ வருமா வராதா, இது மூன்று சுழியா இரண்டு சுழியா, ‘ல’வா ‘ள’வா என்று அனுப்பப்போகும் நேரத்தில் ஒரு தேர்வு நடக்கும். பேசும்போது மடைதிறந்தாற்போல் வருகிறவர்கள் எழுத உட்கார்ந்தால் ஒற்றுக்குப் பயந்து ஊமையாகிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். சுத்தமாக எழுதுவது நல்ல பழக்கம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மறதிநோய்க்காரத் தாயை வைத்துக்கொண்டு தவிக்கும் ஒரு பெண், நீங்கள் எழுதியதில் வல்லினம் மிகுந்ததா என்றா பார்ப்பார்? உங்கள் ‘முயற்ச்சி’யை அப்படியே விட்டதற்குக் காரணம் இதுதான். ஆயிரம் பேர் பார்க்கும் இடத்தில் அது கிடக்கிறது. இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது? கொஞ்சம் சுரீர் என்றிருக்கும். நாளைக்குக் குறையும். நாலு பின்னூட்டம் எழுதிப் பழகியபின், வேண்டுமென்றே ஒரு எழுத்துப் பிழையை விட்டு அனுப்பிப் பாருங்கள். மருந்து கசக்கும், ஆனால் கேட்கும்.

முன்பின் தெரியாதவரை எப்படி அழைப்பது என்ற தயக்கமும் பலருக்கு உண்டு. சார் என்றால் அன்னியமாக இருக்கிறது, அண்ணா என்றால் உரிமை எடுத்துக்கொள்வதாக இருக்கிறது, பெயரை மட்டும் எழுதினால் மரியாதைக் குறைவாகப் படுகிறது. எந்த விளியும் வேண்டாம். வணக்கம் என்று தொடங்கி, ‘நீங்கள்’ போட்டு எழுதினால் யாருக்கும் வருத்தம் வராது.

யாராவது கடுமையாகப் பதில் சொன்னால்? சொல்வார்கள். நூறில் ஒருவராவது சொல்வார். திருத்தம் சரியாக இருந்தால் நன்றி என்று ஒரு வார்த்தை. வம்புக்கு வந்தால் பதில் சொல்லாமல் இருப்பது உங்கள் உரிமை; விவாதத்தை முடித்துவைக்கும் கடமை உங்களுக்கு இல்லை. அரசியல், சாதி, நடிகர் சண்டை நடக்கும் களங்களில் பழகிப் பார்க்கவே வேண்டாம். நீச்சல் பழக வெள்ளத்தில் இறங்குவார்களா?

இன்னொன்றைப் பெண் என்பதால் தனியாகச் சொல்கிறேன். பொதுவில் இரண்டு வார்த்தை எழுதினாலே தனிச்செய்தியில் வந்து நிற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அதை நினைத்துத் தயங்கினால் அதற்குப் பெயர் கூச்சம் அல்ல, எச்சரிக்கை. அதைப் பயிற்சி செய்து போக்கிக்கொள்ளவும் கூடாது. தெரியாதவர்களிடமிருந்து தனிச்செய்தி வராதபடி அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள், வேலை பார்க்கும் இடம், வீட்டு விவரம் எதுவும் முகப்புப் பக்கத்தில் தெரியவேண்டாம், தொல்லை தருபவரை விளக்கம் சொல்லிக்கொண்டிராமல் தடைசெய்யுங்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தால் திண்ணையில் நிம்மதியாக உட்காரலாம்.

இதையெல்லாம் எல்லாரும் செய்தாகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இணையத்தில் ஏதாவது ஒரு குழுவை எடுத்துக்கொண்டால் 90 சதவீதம் பேர் படிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், 9 சதவீதம் பேர் எப்போதாவது எழுதுகிறார்கள், பெரும்பாலானதை எழுதுவது மீதி 1 சதவீதம்தான் என்று ஜேக்கப் நீல்சன் என்ற ஆய்வாளர் 2006இல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். படித்துவிட்டுப் பேசாமல் போவது நோயல்ல. பேசத் தோன்றாதவர் பேசவேண்டியதில்லை. நீங்கள் அந்த வகை இல்லை. உங்களுக்குச் சொல்ல இருந்தது, சொல்லவும் தொடங்கினீர்கள். அந்த வித்தியாசத்தை அழிப்பு விசைதான் காட்டிக்கொடுக்கிறது.

கேட்டால் கூட்டத்தில் பேசிவிடுவேன் என்கிறீர்கள், வேலைக்கும் போய்வருகிறீர்கள் என்பதால் இதைச் சிகிச்சை தேவைப்படும் சமூக அச்சமாக நான் பார்க்கவில்லை. ஆனால் தொலைபேசியை எடுக்க, பிறர் முன்னால் சாப்பிட, புதியவரிடம் பேச என்று எங்கும் இதே நடுக்கம் பரவி, ஆறு மாதத்துக்கு மேலாக நீடித்து, அதற்காக வேலையையோ உறவையோ விட்டுக்கொடுக்கும் நிலை வந்தால் நோட்டும் பேனாவும் போதாது, ஒரு உளவியலாளரை நேரில் பாருங்கள். நல்ல பலன் தரும் சிகிச்சை முறைகள் இருக்கின்றன.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று. ‘கேட்டால் சொல்லிவிடுவேன், இணையத்தில் என்னை யார் கேட்கப்போகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்டாரே. எப்படித்தான் புரியவைப்பது என்று கேட்டுத்தானே எழுதியிருந்தார்? பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

எட்டு மாதம் கழித்து எழுதலாமா என்று முழுக் கடிதத்தில் ஓர் ஓரமாகக் கேட்டிருந்தீர்கள். எழுதலாம். தாமதத்துக்கு நீண்ட விளக்கம் வேண்டாம், உங்கள் குற்ற உணர்வை அவர் தலையில் இறக்கி வைக்கவும் வேண்டாம். அவருடைய தொடர் நின்றதற்கு நீங்கள்தான் காரணம் என்று நினைப்பதும் அந்த முன்வரிசைக்காரர்கள் சொல்லிக்கொடுத்ததாகத்தான் இருக்கும். அவருடைய அம்மா இப்போது எப்படி இருக்கிறாரோ தெரியாது, ஒருவேளை இல்லாமலும் இருக்கலாம். அதனால் ‘அப்போதே படித்தேன், எழுத வரவில்லை’ என்று ஒரு வரி. அதன் கீழே, நீங்கள் அனுப்பிய பதினொரு வரிகளில் முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து அப்படியே போடுங்கள். முதல் இரண்டும் மன்னிப்புக் கேட்கின்றன. உங்கள் அம்மா வருவது மூன்றாவதில்தான்: “மாலையில் வீட்டுக்குப் போகலாம் என்று அம்மா எழுந்தால் நான் மறுத்துப் பேசமாட்டேன். சரி அம்மா என்று செருப்பைப் போட்டுவிட்டு, கையைப் பிடித்துத் தெருமுனை வரை கூட்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வருவேன். எங்கள் வாசலைப் பார்த்ததும், அப்பாடா, வந்துவிட்டோம் என்பார்.”